சந்தனமாரியின் இரண்டு மணிக்கட்டுகள்

சந்தனமாரியின் இரண்டு மணிக்கட்டுகளிலும் பட்டையின் தடம் இருப்பதை ஜெனோவா கஞ்சி நேரத்தில்தான் கவனித்தாள்.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை ஒட்டிய உப்பளம். காலை எட்டு மணிக்கே வெயில் பாத்திகளில் பட்டு, கீழிருந்து மேலாக முகத்தில் அடித்தது. விடியுமுன் வேலைக்கு இறங்கிய பெண்கள் தகரக் கொட்டகையில் தூக்குவாளிகளைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெனோவா நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தாள். ஒவ்வொருத்தியின் கைப்பட்டையாக வாங்கி, உள்பக்கத்து உலோகப் பொட்டுகளில் பூத்திருந்த உப்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவளுக்கு உயிர்த்துணை அறக்கட்டளை கொடுத்த வேலை இது. மாதம் ஒரு முறை பட்டைகளைத் துடைக்க வேண்டும். யாராவது செத்தால் படிவம் நிரப்ப வேண்டும்.

உப்பளத்து வெயில் தோலைக் கருக்கிவிடும். பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த வளையம் விழும். எல்லோருக்கும் இடது கையில் ஒன்று. சந்தனமாரிக்கு வலது கையிலும் ஒன்று இருந்தது. அவள் பக்கத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கையில் பட்டை இருந்தது, தடம் இல்லை. முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கருப்பு.

ஜெனோவா நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவள். தங்கபுஷ்பத்தின் பட்டையை வாங்கி டேப்லெட் திரையில் வைத்துப் பார்த்தாள். நாடி நன்றாக இருந்தது. உடம்பில் நீர் போதுமான அளவு. நேற்று நடந்தது பதினாலாயிரம் அடி. சிறுநீரகத்துக்கு நேரே பச்சைப் புள்ளி.

குனிந்து காலைப் பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் கம்பூட்ஸ் பின்பக்கம் கத்தியால் கீறப்பட்டுப் பக்கத்தில் கிடந்தது. கீறாமல் அது காலில் ஏறியிருக்காது. கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை.

"யக்கா, கால் எப்போருந்து இப்படி இருக்கு?"

"அது கெடக்கு பிள்ள. ஒரே நிலையா நின்னா வீங்கும்."

"நேத்து பதினாலாயிரம் அடி நடந்துருக்கியன்னு வருது."

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். தங்கபுஷ்பம் கஞ்சிக்குள் எதையோ தேடினாள். சந்தனமாரி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"சுத்தி வளைக்காதிய. எங்கிட்ட கேளுங்க. நடந்தது நாந்தான்."

"அப்ப பட்டை?"

"ரெண்டும் எங் கையிலதான் இருக்கும். இன்னைக்கு நீங்க வாரியன்னு கழட்டிக் குடுத்தேன்."

அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமோ பயமோ இல்லை. அளத்தில் மாத்தாள் நிற்பது அன்றாட வழக்கம். ஒருத்தி முடியாமல் படுத்தால் இன்னொருத்தி அவள் பேரில் நிற்பாள். தன் நடையையும் சுமப்பாள், அவள் நடையையும் சுமப்பாள். கங்காணி தலையை எண்ண மாட்டார், உப்புத் தட்டைத்தான் எண்ணுவார். செத்தவளின் பாத்தியில்கூடப் பதினாறாம் நாள்வரை ஒரு மாத்தாள் நிற்பாள். அதுவரை அவள் பேர் அளத்தில் இருக்கும்.

"கங்காணிக்கே தெரியும். உங்க பட்டைக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் சந்தனமாரி.

"அது வேலக்கா. இது உடம்புலா."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றாள் தங்கபுஷ்பம்.

அரசுக் காப்பீடு அறக்கட்டளைகளின் கைக்குப் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. எங்கோ ஓர் ஊரில் ஒரு நல்ல மனம் ஒருத்தியின் காப்பீட்டை ஒரு வருடத்துக்கு ஏற்கும். அவள் கையில் பட்டை ஏறும். பட்டை அனுப்பும் நாடி, நடை, தூக்கம் எல்லாம் சேர்ந்து கணினிக்குள் அவளுக்கு இன்னொரு உடம்பு வளரும். அதற்கு நிழல் என்று பெயர். தானம் இருந்தால் இந்த உடம்பு எத்தனை வருடம் வாழும், இல்லாவிட்டால் எத்தனை வருடம் என்று நிழல் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பலன். கல்லூரியில் இதைக் கேள்விப்பட்டபோது ஜெனோவாவுக்குப் பிடித்திருந்தது. இரக்கம் தடம் மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் ஓர் அளவுகோல் என்று நினைத்தாள்.

"பேச்சித்தாய உங்களுக்குத் தெரியாது," என்றாள் சந்தனமாரி. "நீங்க வாரதுக்கு முன்னாடி. சாமிக்குப் பயந்த மாதிரி அந்தப் பட்டைக்குப் பயந்து கெடந்தா. ராவும் பகலும் கழட்டல. கிட்னி போகுதுன்னு நிழலு கரெக்டா கண்டுபிடிச்சிட்டு. கண்டுபிடிச்சு என்ன செஞ்சுது? இவளுக்குக் கட்டி என்னத்துக்கு, அதே காசுக்குப் பத்தொம்போது வயசுப் பிள்ள ஒண்ணு நெறைய நாள் வாழும்னு, கட்டுனவருக்கு எழுதிப் போட்டுச்சு. வருசம் முடியவும் அவரு அங்க மாறிட்டாரு. நல்ல மனுசன்தான். நல்லது எங்க கூட இருக்கோ அங்கதான போவாரு."

"பேச்சித்தாய்?"

"பதினாறு நாளு அவ பாத்தியில நாந்தான் நின்னேன்."

தங்கபுஷ்பம் ஜெனோவாவின் கையைப் பிடித்தாள். விரல்கள்கூட வீங்கியிருந்தன.

"புதுப்பிக்க இன்னும் எத்தன நாளு இருக்கு பிள்ள?"

"இருபத்திரெண்டு."

"அவ்வளவுதான். எனக்குக் கட்டுத கோயம்புத்தூர் டீச்சரம்மா இன்னொரு வருசத்துக்குப் போட்டுட்டாவன்னா, மறுநாளே பட்டைய எங் கையில மாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன். ஒரு வருசம் வைத்தியம் பாத்துக்கிடலாம்லா? நீங்க கண்ண மட்டும் மூடிக்கிடுங்க."

"இவ பட்டைக்காகத்தான் நான் தண்ணியே குடிக்கேன்," என்றாள் சந்தனமாரி. "அளத்துல ஒதுங்க ஒரு மறைப்பு உண்டா? உப்பு அம்பாரத்துக்குப் பின்னால மானத்த விட்டு ஒதுங்குதேன். இவளும் அப்பவே குடிச்சிருந்தா இந்தப் பாடு வந்துருக்காது."

ஆள் மாறியிருந்தால் திரையில் 'முரண்' என்ற கட்டத்தைத் தொட வேண்டும். ஜெனோவாவின் விரல் அதன்மேல் நின்றது. பிறகு பட்டையை நன்றாகத் துடைத்து, சந்தனமாரியின் வலது கையில் மாட்டிவிட்டாள்.

*

மறுநாள் அலுவலகத்தில் கோமதிநாயகம் சாரிடம் கேட்டாள். மாவட்ட மேலாளர். அதட்டத் தெரியாத மனிதர். சர்க்கரைக்குப் பயந்து இனிப்பில்லாத வரக்காப்பி குடிப்பார்.

"சார், ஒருத்தர் பட்டைய இன்னொருத்தர் போட்டா நிழலுக்குத் தெரியுமா?"

அவர் டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, அப்படி எதையும் பாத்தியா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

"பாக்கலன்னா எழுதாத. பாக்காதத எழுதுனாத்தான் நமக்கு வம்பு."

ஜெனோவாவுக்கு மூச்சு வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு நாளும் தங்கபுஷ்பம் கொட்டகை ஓரத்தில் சாக்கு தைத்தாள். சந்தனமாரி இரண்டு பேர் நடையை நடந்தாள், இரண்டு பேர் தண்ணீரைக் குடித்தாள். பார்க்கிறவர்கள் கேலி செய்தார்கள். "ஏளா, ரெட்டைப் பிள்ளைக்காரி மாதிரில்லா திங்க" என்றார்கள். அவள் முகத்தில் மினுமினுப்புகூட வந்திருந்தது.

புதுப்பிக்கும் நாளில் தானம் கொடுப்பவரும் பெறுபவரும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். ஜெனோவா டேப்லெட்டைக் கஞ்சிப் பானையில் சாய்த்து வைத்தாள். தங்கபுஷ்பம் வீங்கிய காலைச் சாக்குக்குள் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தின் வீக்கம் சதைப்பிடிப்பு மாதிரி தெரிந்தது.

"அட, நல்லாத் தேறிட்டே கண்ணு," என்றார் சுலோசனா டீச்சர். பொள்ளாச்சிப் பக்கம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோவையில் தனியாக இருந்தார். "உன் நிழல ஃப்ரிட்ஜ் கதவுத் திரைல போட்டு வெச்சிருக்கறேன். காலைல எந்திரிச்சதும் உன்னத்தான் பாக்கறது. நீ நாலு மணிக்கே நடக்க ஆரம்பிச்சர்றே. நானும் மொட்டை மாடில நடக்கறேன். நீ தண்ணி குடிச்சா நானும் ஒரு டம்ளர் குடிச்சுக்குவேன்."

தங்கபுஷ்பம் சிரித்தாள்.

"இந்த வருசம் வேற ஒரு புள்ளைய காட்டினாங்க. நான் வேண்டாம்னுட்டேன். என்ற புள்ள இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஜெனோவா கண்ணு, என்ற போன் நம்பர எழுதிக்க. கூடாதும்பாங்க. எழுதிக்க, சும்மா."

ஜெனோவா எழுதிக்கொண்டாள். திரை அணைந்ததும் பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். சந்தனமாரி பட்டையைக் கழற்றித் தங்கபுஷ்பத்தின் கையில் மாட்டினாள். கடைசி ஓட்டையில் போட்டும் இறுக்கமாக இருந்தது.

*

ஆஸ்பத்திரி பைபாஸ் சாலையில் இருந்தது. காப்பீட்டு மேசைக்காரர் பட்டையைக் கருவியில் வைத்தார்.

"பேரு சரி. பட்டை சரி. உடம்பு சரியில்ல."

"உடம்பு சரியில்லன்னுதான வந்துருக்கோம்," என்றாள் சந்தனமாரி.

அவர் சிரிக்கவில்லை. "நிழலோட இந்த உடம்பு ஒத்துவரல. நாடி வேற, நடை வேற. காப்பீடு பேருக்குக் கிடையாதும்மா, உடம்புக்கு. இந்தப் பட்டைக்குரிய உடம்பக் கூட்டிட்டு வாங்க, எல்லா வைத்தியமும் இலவசம்."

தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சிரைத்தாள். அந்தப் பட்டைக்குரிய உடம்பு பக்கத்தில் நின்று அவளுக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தது.

"நான் அறக்கட்டளை ஆளுதான்," என்றாள் ஜெனோவா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "முரண் எப்பருந்து காட்டுதுன்னு பாக்கலாமா?"

அவர் திரையைத் திருப்பினார். பதினொரு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. காலை ஆறு நாற்பது. சந்தனமாரி முதன்முதலாக அந்தப் பட்டையைக் கையில் போட்ட நேரமாக இருக்க வேண்டும். எதிரே ஒரு வரி இருந்தது.

வேறு உடல். பலன் கூடுதல். தொடரலாம்.

ஜெனோவா அதை இரண்டு முறை படித்தாள். பதினொரு மாதத்துக்கு முன் தங்கபுஷ்பத்துக்குக் கால் கொஞ்சமாக வீங்கத் தொடங்கியிருந்தது. அப்போது காப்பீடு முழுசாக அவளுடையது. அன்றைக்கே வந்திருந்தால் இதே மேசை இதே மனிதரை வைத்து அவளை உள்ளே அனுப்பியிருக்கும். நோய் தெரிந்தால் காப்பீடு போய்விடும் என்று நோயை மறைத்தார்கள். காப்பீடு பத்திரமாக இருந்தது.

*

கோமதிநாயகம் சார் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரியும்லா சார்."

"லிஸ்ட் மாசாமாசம் வரும்மா. நம்ம மாவட்டத்துல நெறைய பேரு அப்படித்தான். கட்டட வேல, தீப்பெட்டி, எல்லா எடத்துலயும் நல்ல கையில மாட்டிக்கிடுதாங்க."

"பெறகு ஏன் நிறுத்தல?"

"நிழல் பொய் சொல்லாதும்மா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். தானத்துக்குப் பலன் கூடுதான்னு கேட்டோம். கூடுது. வைத்தியச் செலவே வரல. வேற உடம்பா இருந்தா நிறுத்தணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

"நாம சொல்லலாம்லா."

"சொல்லலாம். சொன்னா அத்தன பேருக்கும் ஒரே நாளுல போயிரும். அதுல நெசமாவே சொந்தக் கையில போட்டுருக்கவளும் இருக்கா. மேல இருக்கவன் பிரிச்சுப் பாத்துட்டா இருப்பான்?" வரக்காப்பியை ஆற்றினார். "ஒண்ணு செய்யி. பட்டைய அந்த சந்தனமாரி கையிலயே போட்டுரு. வேற கைக்குப் போனதுலருந்து நிழல் செவப்பா காட்டுது. டீச்சரம்மா பயந்துருவாவ."

அன்று மாலை ஜெனோவா தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போனாள். டீச்சருக்குப் போன் செய்யலாம் என்றாள். தங்கபுஷ்பம் பட்டையைக் கழற்றி, சந்தனமாரியிடம் கொடுத்துவிடச் சொல்லி அவள் மடியில் வைத்தாள்.

"வேண்டாம் பிள்ள. ஒரு வருசமா அவியள ஏமாத்திருக்கேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க? நான் நடக்கேன்னு நம்பி அவியளும் மாடியில நடக்காவளாம்லா."

வெளியே வந்து ஜெனோவா எண்களைப் போட்டாள். ஒரு முறை மணி அடித்ததும் துண்டித்துவிட்டாள். மறுநாளும் போட்டாள், துண்டித்தாள். முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்லூரியில் வாய்மொழித் தேர்விலும் அவள் இப்படித்தான், பதில் தெரிந்தே மதிப்பெண் இழப்பாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு வரிசை இருந்தது. தங்கபுஷ்பத்தின் முறை ஐந்தாவது வாரம் வந்தது. அவள் நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை இறந்தாள்.

*

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அலுவலகக் கணினியில் ஜெனோவா இறப்புப் படிவத்தைத் திறந்தாள். பேர், வயது, ஊர் எல்லாம் நிரப்பி அனுப்பினாள். படிவம் திரும்பி வந்தது.

நாடித் துடிப்பு உள்ளவர்களுக்கு இந்தப் படிவம் பொருந்தாது.

மீண்டும் அனுப்பினாள். மீண்டும் வந்தது. கீழே சிறிய எழுத்தில், இவர் இன்று ஒன்பதாயிரத்து முந்நூறு அடி நடந்திருக்கிறார் என்று ஒரு பாராட்டும் இருந்தது.

பட்டையை வாங்கிவிடலாம் என்று அளத்துக்குப் போனாள். சந்தனமாரி வரப்பில் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பட்டை. கண்ணில் ஈரம் இல்லை. உப்புக் காற்றில் எதுவும் நிற்காது.

"யக்கா, அத கழட்டிருங்க."

"பதினாறு முடியட்டும்."

"இதுக்குமா?"

"அவ பேருல எது இருக்கோ எல்லாத்துக்கும் நிக்கணும். அதுதான மொற?" தட்டை இறக்காமலே நின்றாள். "நான் மாட்டிக்கிடாம இருந்துருந்தா அவ அப்பவே போயிருப்பா, என்ன? ஆஸ்பத்திரிக்கு. அப்படித்தான?"

ஜெனோவா தரையைப் பார்த்தாள்.

"சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்," என்று சந்தனமாரி நடையைக் கட்டினாள்.

ஜெனோவா கொட்டகைக்குள் போனாள். தங்கபுஷ்பம் தைத்த சாக்குகள் ஓரத்தில் அடுக்கியிருந்தன. அதன்மேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். இந்தத் தடவை துண்டிக்கவில்லை.

"டீச்சர், நான் ஜெனோவா பேசுறேன். தங்கபுஷ்பம் அக்கா இறந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் சமையலறைக்கு நடந்துபோனார்.

"இல்லியே கண்ணு. நீ வேற யாரையோ சொல்றே. இங்க நடந்துட்டு இருக்கறா பாரு. இப்பத்தான் தண்ணி குடிச்சா, பத்து நிமிசம் ஆகல. நானும் குடிச்சேன்."

"தெரியும் டீச்சர். நானும் பாத்துட்டுதான் இருக்கேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கழற்றி மாட்டியது, தான் கண்ணை மூடிக்கொண்டது, அந்த ஒரு வரி, போனைத் துண்டித்த இரண்டு நாட்கள். யாரிடமும் அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. வேலை போய்விடும் என்று தெரியும். நடுவில் டீச்சர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அப்ப இத்தன நாளும் நான் பாத்தது யாரு?"

"சந்தனமாரின்னு ஒரு அக்கா. கூட வேல பாக்காங்க."

"இன்னும் நடந்துட்டேதான் இருக்கறா," என்றார் டீச்சர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் பொண்ணுக்காச்சும் இன்சூரன்ஸ் இருக்குதா கண்ணு?"

சந்தனமாரி அம்பாரத்தின்மேல் ஏறித் தட்டைக் கவிழ்த்தாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பினாள். அது யாருடைய நடை என்று தெரியவில்லை.

"இருக்கு டீச்சர்," என்றாள் ஜெனோவா. "ரெண்டு இருக்கு."